அம்மா பக்கத்தில் வைத்த மீட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், வண்டி என்னைவிட நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும், பேத்தி பிறந்த கையோடு பாட்டி என்று பதவி உயர்வு வாங்கிக்கொண்டு விமானம் ஏறிய உன் அம்மாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். குளிர் கடுமை என்று கேள்விப்பட்டேன், குழந்தைக்குக் காதை மூடு, உன் அம்மாவுக்கும் மூடு, அவளுக்குக் காதில் காற்றுப் பட்டால் மறுநாள் தலைவலி வரும், ஆனால் சொல்ல மாட்டாள். போன வாரம் நீ போனில் ஒன்று கேட்டாய், நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அம்மா இன்னும் ஆறு மாதம் இங்கேயே இருக்கட்டுமாப்பா என்று கேட்டாய். நீ மறுபடி வேலைக்குப் போக வேண்டும், கைக்குழந்தையை முன்பின் தெரியாத ஆளிடம் விட மனசு வரவில்லை, எல்லாம் நியாயம்தான். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது, நான் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தால் என் வாய் தானாக வீரவசனம் பேசும். எனக்கென்ன, நான் ராஜா மாதிரி இருக்கிறேன் என்றேன். அந்த ராஜா அன்று காலையில் ரொட்டியைக் கருக்கிவிட்டு, கருகிய பக்கத்தைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் கடிதம். பதிலைச் சொல்லிவிடுகிறேன், ஆனால் வண்டிக் கதையைச் சொல்லாமல் சொன்னால் உனக்குப் புரியாது, கொஞ்சம் பொறுமையாகப் படி.

வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் வாங்கி வைத்து நாளாகிறது, மாற்றவில்லை, வீட்டில் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் அதுதான். டீ போடும்போது இன்னும் இரண்டு டம்ளர் தண்ணீர்தான் வைக்கிறேன், கை கேட்கமாட்டேன் என்கிறது, பிறகு இரண்டையும் நானே குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புலம்புகிறேன். எதிர்வீட்டு டீச்சர் சுகம். அவர் மகன் யாரை விரும்புகிறான் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், டீச்சருக்கு மட்டும் தெரியாது. உன் அம்மா இருந்தால் நானும் அவளும் இதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியிருப்போம், யார் எப்போது பார்த்தார்கள், எந்தக் கடை வாசலில், டீச்சர் காதில் எப்படிப் பக்குவமாகப் போடுவது என்று. இப்போது விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு சொல்ல ஆளில்லாமல் அலைகிறேன். சூடான செய்தியை ஒரு மனுஷன் தனியாக வயிற்றில் வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு அவஸ்தை என்று உனக்குத் தெரியாது. வீடியோவில் கூப்பிடுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் இதுவரை பேத்தியின் முழு முகத்தை நான் பார்த்ததில்லை, ஒரு நாள் நெற்றி, ஒரு நாள் மூக்குத் துவாரம், பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கூரை. தாத்தா பாரு, தாத்தா பாரு என்று உன் அம்மா சொல்வது கேட்கும், அதற்குள் நீங்கள் வைத்துவிடுவீர்கள், திரையில் என் முகம் மட்டும் மிச்சம் இருக்கும். அதை யாராலும் சகிக்க முடியாது, நானே சட்டென்று அணைத்துவிடுகிறேன்.

இனி வண்டி. நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது வாங்கினோமே, அதே டீசல் பிக்கப்தான். டர்போ போட்ட வண்டி என்று அன்று தெருவே வந்து பார்த்தது, இன்று பார்க்கிறவர்கள் இதுவா இன்னும் ஓடுகிறது என்று கேட்கிறார்கள், என்னைப் பார்த்தும் அப்படித்தான் கேட்கிறார்கள். குடோனிலிருந்து டைல்ஸும் குழாய் சாமானும் ஏற்றிக்கொண்டு போய்க் கட்டடம் நடக்கிற இடங்களில் இறக்குகிற வேலை உனக்குத் தெரிந்ததே. சமீபமாகச் சமதரையில் எல்லோரும் புது வண்டி வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள், எனக்கு வேலை குறைந்துவிட்டது. அப்போதுதான் மலைமேல் ஒரு விடுதி கட்டுகிறார்கள், வருஷம் முழுக்கச் சாமான் போக வேண்டும் என்று தெரிந்தது. அங்கே மேற்பார்வை பார்க்கிற இன்ஜினியர் உன் வயதுப் பெண், பயங்கரக் கறார், அதனால் நான் அவளுக்குக் கறார் என்றே பெயர் வைத்திருக்கிறேன். முழுப் பாரத்தோடு நிற்காமல் மேலே வந்து சேர்கிற வண்டிக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டாள். நான் முக்கால் பாரம் ஏற்றி மலைப்பாதையில் ஒத்திகை பார்த்தேன். மூன்றாவது வளைவில் நம் வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துபோன ஒருவர் என்னை முந்திப் போனார், போகிற போக்கில் வணக்கம் வேறு.

அவமானம் பொறுக்காமல் நானே வைத்தியம் பார்த்தேன். டீசல் பம்பில் ஒரு ஸ்குரூ உண்டு, அதைக் கொஞ்சம் திருகினால் இன்ஜினுக்கு டீசல் கூடுதலாகப் போகும், வண்டி பறக்கும் என்று லாரி ஷெட்டில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவன் சொல்லவில்லை, நானும் தாராள மனசுக்காரன். திருகிவிட்டு வாசலில் நிறுத்தி முடுக்கினேன், சைலன்சரிலிருந்து கன்னங்கரேலென்று ஒரு புகை கிளம்பிச் சாவகாசமாகத் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கொடியில் போய் உட்கார்ந்தது. டீச்சர் வெளியே வந்து துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோபப்படவே இல்லை. வகுப்பில் பின்வரிசைப் பையனிடம் பேசுகிற குரலில், "சார், நான் வெள்ளையாத்தான் காயப்போட்டேன்" என்றார். நானே துவைத்துத் தருகிறேன் என்று விரிப்புகளை வாங்கி வந்து, நாள் முழுக்கத் துவைத்துச் சாம்பல் நிறத்தில் திருப்பிக் கொடுத்தேன். இப்போது எல்லா இடத்திலும் இந்த நிறம்தான் ஓடுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன், சிரிக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறான் என்று சந்தேகம் என்றே நாம் பெயர் வைத்தோமே, அவனேதான், இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது, சந்தேகம் மட்டும் நரைக்கவில்லை. புகை கதையைக் கேட்டு ஷெட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி சொல்ல வைத்தான். சிரித்து முடித்து, பம்பில் பழைய பெயிண்ட் அடையாளம் எங்கே இருந்ததோ அதே இடத்துக்கு ஸ்குரூவைத் திருப்பிவிட்டான். பிறகு ஒரு பிரசங்கம். கரும்புகை வந்தால் அது பலம் இல்லையாம், எரியாமல் வீணாகப் போகிற டீசலாம், டீசலை மட்டும் கூட்டிக் காற்றைக் கூட்டாவிட்டால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகுமாம், மேட்டில் பாரத்தோடு அப்படியே இழுத்துக்கொண்டிருந்தால் பிஸ்டன் உருகிவிடுமாம், டர்போவும் கூடவே போய்விடுமாம். சரி, இப்போது எனக்குப் பலம் வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அண்ணே, ஏறுறதப் பத்தி அப்புறம் பேசுவோம். ஏறினா எறங்கணும்ல, மொதல்ல பிரேக்கக் காட்டுங்க" என்றான்.

அன்று ஆரம்பித்த வேலை பல நாள் நடந்தது. பிரேக்கைப் பிரித்தான், தேய்ந்திருந்தது, மாற்றினான். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினான், உள்ளேயிருந்து வந்த சேற்றில் ஒரு செடி நடலாம். ஏர் ஃபில்டரை எடுத்து என் முகத்துக்கு நேராகத் தட்டிக் காட்டினான். டீசலைத் தூவலாகத் தெளிக்க வேண்டிய நாசில்களில் இரண்டு, மூக்கு ஒழுகுவது போல ஒழுகிக்கொண்டிருந்தன. முக்கியமான விஷயம் கடைசியில்தான் கிடைத்தது. டர்போ ஊதுகிற காற்றைக் கொண்டுபோகிற ரப்பர்க் குழாயில், அடிப்பக்கம் யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு நீள வெடிப்பு. ஊதுகிற காற்றில் ஒரு பங்கு இன்ஜினுக்குப் போகாமல் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, எத்தனை காலமாக என்று தெரியாது. புதுக் குழாய் போட்டதுமே, ஸ்குரூவைத் தொடாமலே, வண்டி பழைய மாதிரி இழுத்தது. பலம் குறையவில்லை, ஒழுகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சந்தேகம் இதை ஏதோ தானே கண்டுபிடித்த விஞ்ஞானம் போல மூன்று நாள் பேசினான். முதலில் கிளட்ச் மேல்தான் பழி போட்டான், அதைக் கழற்றிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று திரும்பப் போட்டதைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை, ரிப்பேர் முடிகிற வரைக்கும் மெக்கானிக்கிடம் மரியாதையாக இருக்க வேண்டும்.

ஆனால் மலைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். சைலன்சர்க் குழாயைச் சற்று அகலமாக மாற்றினான், புகை தாராளமாக வெளியேறினால் டர்போ சுலபமாகச் சுற்றுமாம். ஸ்குரூவை ஒரு நூல் அளவு திருகலாம், ஆனால் அதற்கு முன் ஒரு மீட்டர் வைத்தே ஆக வேண்டும் என்றான். இன்ஜினிலிருந்து டர்போவுக்குப் போகிற புகை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டுகிற மீட்டர். மேடு ஏறும்போது அதன் முள் எழுநூறு டிகிரியைத் தாண்டினால் காலை எடுத்துவிட்டு கியரைக் குறைக்க வேண்டும், எழுநூறில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடும் போட்டான், அவன் மனைவியுடையதாம். அந்த முள்ளைப் பார்க்காமல் மலை ஏறினால் எப்போது உருகும் என்று தெரியாது, உருகிய பிறகுதான் தெரியும் என்றான். மீட்டரை எங்கே பொருத்தட்டும் என்று கேட்டான். நான் ஷெட் வாசலில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்காமல், அம்மா பக்கம் என்று சொல்லிவிட்டேன்.

எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்கிற ஆள், அன்று ஒன்றும் கேட்கவில்லை. டேஷ்போர்டில் உன் அம்மா உட்காருகிற பக்கம், அவள் கண்ணுக்கு நேராகத் துளை போட்டு, மீட்டரைப் பொருத்தி, ஸ்குரூவையும் ஒரு நூல் திருகிக் கொடுத்துவிட்டான். வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிற வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை. உனக்குத்தான் தெரியுமே, நான் ஓட்டும்போது மீட்டர் எதையும் பார்த்ததில்லை. வெள்ளெழுத்து வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, கண்ணாடி போட்டால் கிழவன் ஆகிவிடுவேன் என்று போடவில்லை, போடாமலே ஆகிவிட்டேன். தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரைச் சொல்வேன், முன்னால் இருக்கிற மீட்டரின் நம்பர் தெரியாது. நீ பெரிய பள்ளிக்குப் போனதிலிருந்து அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லா முள்ளையும் பார்ப்பாள். நம்பர் சொல்லமாட்டாள், அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. சும்மா இருக்கு என்றால் போகலாம். முறைக்குது என்றால் நிதானம். போதும் என்றால் காலை எடுக்க வேண்டும். அவள் குரலை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் ஓட்டினேன். அவள் போன பிறகு சமதரையில் முள்ளையே பார்க்காமல் சமாளித்துவிட்டேன், மலையில் முடியாது.

சரி, யாரையாவது பக்கத்தில் உட்கார வைப்போம் என்று உன் மாமாவைக் கூப்பிட்டேன். அவருக்கு வேலை ஓய்ந்து சும்மாதான் இருக்கிறார், தங்கை புருஷனுக்கு உதவி செய்கிறோம் என்கிற பெருமையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். ஒரே வேலை மச்சான், முள் எழுநூறைத் தாண்டினால் சொல்லுங்கள் என்றேன். இது ஒரு வேலையா மாப்ளே என்றார். முழுப் பாரம் ஏற்றிக்கொண்டு கறார் சொன்ன நாளில் கிளம்பினோம். முதல் இரண்டு வளைவு வரை நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். அப்புறம் பள்ளம் தெரிய ஆரம்பித்தது. ஐநூறு என்றார், மறுபடி ஐநூறு என்றார், வளைவுக்கு வளைவு ஐநூறுதான். நான் மிதிக்கிறேன், வண்டியும் வெறியோடு இழுக்கிறது, அவர் சாமியாடி மாதிரி ஐநூறு ஐநூறு என்கிறார். எனக்கே ஏதோ நெருடித் திரும்பிப் பார்த்தால் மனுஷன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, கதவுக் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார். அலறிக்கொண்டு காலை எடுத்தேன். ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்டு, எட்டிக் கண்ணை இடுக்கிப் பார்த்தால் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றுவிட்டு அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எப்படி நம்பர் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கண்ணத் தொறந்தா பள்ளம் தெரியுது மாப்ளே. நீங்க பயந்துரக் கூடாதேன்னு ஒரு நல்ல நம்பரா சொன்னேன்" என்றார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பாதியில் நின்றது நின்றதுதான். கறாருக்குப் போன் செய்து சொன்னேன். அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்க்கலாம், அதற்கு மேல் முடியாது என்றாள்.

இங்கே என் திருட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ அதற்குள் கண்டுபிடித்திருப்பாய். மாமாவை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது எனக்குச் சோகமே இல்லை, உள்ளுக்குள் ஒரே குஷி. அருமையான காரணம் கிடைத்துவிட்டது. அம்மா வேண்டும் என்று சொன்னால் வெட்கக்கேடு, பேத்திக்குப் போட்டியாக ஒரு தாத்தா அழுகிறார் என்று ஆகிவிடும். ஆனால் மீட்டர் அவள் பக்கம் இருக்கிறது, பார்க்க ஆள் இல்லை, மலை வேலை போய்விடும், பிழைப்பு போய்விடும் என்று சொன்னால் யார் மறுக்க முடியும். குளியலறையில் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன், குரல் சோகமாகவும் வரக்கூடாது, சாதாரணமாகவும் வரக்கூடாது. நீ வெளியே போகிற நேரம் பார்த்து அவளுக்குப் போன் செய்தேன். உன் மாமா கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள், அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று அப்போதுதான் உறைத்தது. இதுதான் சமயம் என்று விஷயத்துக்கு வந்தேன். மீட்டர் உன் பக்கம் இருக்கிறது, யாருக்கும் அதைப் பார்க்கத் தெரியவில்லை என்றேன். அவள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கென்ன, சந்தேகத்துக்கிட்ட சொல்லி உங்க பக்கம் மாத்திக்குங்க, அரை மணி வேலை. கண்ணாடியும் ஒண்ணு வாங்கிப் போட்டுக்குங்க" என்றாள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

எவ்வளவு நல்ல யோசனை பார். என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல யோசனையை நான் இவ்வளவு வெறுத்ததில்லை. நான்கு நாள் நான் மீட்டரை மாற்றவும் இல்லை, கண்ணாடிக் கடைக்குப் போகவும் இல்லை, வண்டியை எடுக்கவே இல்லை. சாயங்காலமானால் வாசலில் நிற்கிற வண்டிக்குள் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ரேடியோ கேட்டுவிட்டு வருவேன், வீட்டைவிட வண்டிக் கூண்டு சின்னது, ஒரு ஆளுக்குப் போதும். தெருவில் போகிறவர்கள் எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்பார்கள், இதோ கிளம்பணும் என்பேன், அப்படியே உட்கார்ந்திருப்பேன். அவள் பக்கத்து சீட் இன்னும் அவள் உயரத்துக்கு முன்னால் தள்ளியே இருக்கிறது, உன் மாமா முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தாரே ஒழிய அதைப் பின்னால் தள்ள நான் விடவில்லை. இப்போது யோசித்தால் அவருக்குப் பாதி பயம் அதனால்தான் வந்திருக்கும், பாவம்.

ஐந்தாம் நாள் கறார் போன் செய்தாள். நாளைக்கு வர்றீங்களா சார், இல்ல வேற வண்டி சொல்லவா என்று கேட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். மேல்பாதியில் தூரமும் கீழ்பாதியில் கிட்டவும் தெரிகிற கண்ணாடி, போட்டதும் முதலில் தெரிந்தது என் கைநகத்து அழுக்கு, வெளியே வந்து படி இறங்கும்போது படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிக்கொண்டு இறங்கினேன். அங்கிருந்து ஷெட்டுக்குப் போய் மீட்டரை என் பக்கம் மாற்று என்றேன். சந்தேகம் என் கண்ணாடியைப் பார்த்தான், ஒரு கிண்டலும் இல்லை, ஸ்குரூ டிரைவரை எடுத்தான். மாற்றி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கே எனக்கு உறுத்துச்சு அண்ணே. கேக்க வேணாம்னு விட்டுட்டேன்" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான், இருவரும் நின்றுகொண்டே குடித்தோம்.

மறுநாள் தனியாக ஏறினேன். முழுப் பாரம். சந்தேகம் சொன்னபடி வளைவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்தேன், இன்ஜினைத் திணற விடவில்லை. ஒரு கண் ரோட்டில், ஒரு கண் முள்ளில், கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டே வந்தது. அறுநூறு, அறுநூற்றைம்பது, அந்த மூன்றாவது வளைவில் முள் சிவப்புக் கோட்டைத் தொடப் போவது போல ஏறியது, காலைத் தளர்த்தினேன், இறங்கியது. யாரும் சொல்லாமலே என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது, சும்மா இருக்கு, முறைக்குது, போதும் என்று, சத்தமாகவே சொன்னேன், கேட்க யார் இருக்கிறார்கள் வெட்கப்பட. கரும்புகை இல்லை, வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், லேசான ஒரு மங்கல்தான். எங்கும் நிற்கவில்லை, யாரும் என்னை முந்தவில்லை, ஒரு பஸ்ஸுக்கு மட்டும் நானே பெரிய மனசு பண்ணி வழி விட்டேன். மேலே வந்து சேர்ந்துவிட்டேன். உன் பழைய வண்டி, உன் பழைய அப்பா, இருவரும் உருகாமல் வந்து சேர்ந்தோம்.

எங்கே போய் நிறுத்தினாலும் இன்ஜினை உடனே அணைக்கக் கூடாது, டர்போ சூடு ஆறுகிற வரைக்கும் கொஞ்ச நேரம் சும்மா ஓட விட வேண்டும், இது பழைய வழக்கம்தான். அந்த நேரத்தில்தான் உன் அம்மா பிளாஸ்கைத் திறப்பாள், டீயை ஊற்றிக்கொண்டே வழியில் நான் செய்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்வாள், ஹாரன் அடிக்காமல் திரும்பினீர்கள், அந்த மாட்டுக்கு இவ்வளவு கிட்டப் போயிருக்கக் கூடாது என்று. இந்தத் தடவை நான் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்யவில்லை என்று சொல்லவும் ஆளில்லை. முள் முந்நூறுக்கு இறங்குகிற வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கறார் வந்தாள், பாரத்தைப் பார்த்தாள், திங்கள்லேருந்து வாங்க சார் என்றாள், போன் வந்தது, பேசிக்கொண்டே போய்விட்டாள். பொறுப்பான பெண், உன்னை மாதிரிதான் நடக்கிறாள், குதிகால் தரையில் படாமல்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் கணக்கு சரியாகப் புரிந்தது. வண்டிக்கு இனி உன் அம்மா தேவையில்லை. மீட்டர் என் பக்கம் இருக்கிறது, கண்ணாடி என் மூக்கில் இருக்கிறது, மலை வேலை கையில் இருக்கிறது. சமையலும் எப்படியோ நடக்கிறது, சுரண்டினால் ரொட்டி ரொட்டிதான். அவளைக் கூப்பிட என்னிடம் ஒரு காரணமும் மிச்சம் இல்லை. இனி கூப்பிட்டால் வெறுமனே கூப்பிட வேண்டியதுதான். அதை நான் இதுவரை செய்ததில்லை, கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் ஏதாவது ஒரு வேலை இருந்தது, அதைச் சாக்கு வைத்தே பேசிப் பழகிவிட்டோம்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில். ஆறு மாதம் வேண்டாம், கண்ணு. உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை, நல்ல குழந்தைகள் காப்பகம் தேடக் கொஞ்ச காலம் ஆகும், அது வரைக்கும் இருக்கட்டும், நீ நிம்மதியாக வேலைக்குப் போய்ப் பழகுகிற வரைக்கும் இருக்கட்டும். ஆனால் அதற்கு மேல் வேண்டாம். அவளே இருக்கிறேன் என்று சொன்னால் நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டேன், அது அவள் இஷ்டம். ஆனால் அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, அவர் சமாளித்துக்கொள்வார் என்று யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம், அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்தான், நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவளிடம் இப்படிச் சொல். வீட்டில் ஒரு வேலையும் கெட்டுப்போகவில்லை, வண்டி நன்றாக ஓடுகிறது, ஒன்றுக்கும் தேவைப்பட்டுக் கூப்பிடவில்லை, சும்மாதான் கூப்பிடுகிறார் என்று சொல்.

பேத்திக்கு என் முத்தம், அவள் முழு முகமும் இருக்கிற போட்டோ ஒன்று அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், குளிர்காலத்தில் கார் டயரில் காற்று குறையும், வாரம் ஒரு தடவை பார்க்கச் சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலைக்குப் போன முதல் நாளே எல்லோருக்கும் நல்லவளாக இருக்க வேண்டும் என்று இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமுமாக, குறைவில்லாமல் இருக்க என் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று, அம்மாவுக்கு எந்த மாதத்துக்கு டிக்கெட் போட்டாலும் ஜன்னல் ஓரமாகப் பார்த்துப் போடு, அவளுக்குப் பயணத்தில் தூக்கம் வராது, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டே வருவாள்.

இப்படிக்கு,
கண்ணாடி போட்ட உன் அப்பா